விரதம் வேறு, வெறும் வயிறு வேறு

குழந்தைக்கு ஊசி என்றாலே பெற்றோரின் நெஞ்சு பதறும். “ஊசி வேண்டாம், மூக்கில் மருந்து தெளித்தால் தூங்கிவிடும்” என்று மருத்துவர் சொன்னால் நிம்மதி பிறக்கிறது. எம்.ஆர்.ஐ., இதய ஸ்கேன் போன்ற பரிசோதனைகளில் குழந்தை அசையாதிருக்க வேண்டும். அதற்காக மிடாசொலம், டெக்ஸ்மெடிடோமிடின் ஆகிய மருந்துகளை மூக்கில் தெளிப்பதுண்டு. 1869-இல் தூக்க மருந்தாக அறிமுகமான குளோரல் ஹைட்ரேட்டைக் குடிக்கக் கொடுப்பதும் உண்டு.

ஊசி இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என எண்ணிவிடலாகாது. எவ்வழியே உள்ளே சென்றாலும் குழந்தை எதிர்பார்த்ததைவிட ஆழ்ந்து உறங்கலாம், மூச்சு குறையலாம். வயிற்றில் இருப்பது மேலெழுந்து நுரையீரலுக்குள் போகலாம். ஆகவேதான் தெளிந்த நீரை 2 மணி நேரம், தாய்ப்பாலை 4 மணி நேரம், மற்றப் பாலையும் உணவையும் 6 மணி நேரம் முன்னதாக நிறுத்தச் சொல்வது பொது வழக்கம். மருத்துவமனை குறிக்கும் நேரமே இறுதியானது.

இங்கேதான் மொழி குறுக்கே வருகிறது. என் உறவினர் வீட்டில் நடந்தது இது. தாதி மலாயில் ‘புவாசா’ என்றார். வீட்டில் அது பாட்டிக்கு ‘விரதம்’ என்று போய்ச் சேர்ந்தது. விரதத்தில் பால் குடிக்கலாமே! காலையில் பேரனுக்கு அரை கிளாஸ் பால் கொடுத்துவிட்டார். நல்ல வேளை, கேட்டபோது உண்மையைச் சொன்னார், பரிசோதனை தள்ளிப்போனது. ‘வெறும் வயிறு’ என்ற இரண்டு சொற்கள் போதுமாயிருந்தன.

மருத்துவத் தமிழ் என்றதும் நாம் கலைச்சொல் ஆக்குவதையே நினைக்கிறோம். பாட்டிக்குப் புரியும் சொல்லைத் தேடுவதும் தமிழ்ப்பணியே என்பது மருந்தியல் பயிலும் என் கருத்து. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் பின்னர் தேசியப் பள்ளியிலும் படித்த என் போன்றோருக்கு இரு மொழியும் கைவரும். மருத்துவ மாணவர்களோடு சேர்ந்து நாம் ஒரு பக்கத் தாள் தயாரிக்கலாம். அதில் இவை போதும்:

பால் கலந்த மைலோ தெளிந்த நீரன்று. சளி, குறட்டை இருந்தால் மறைக்காதீர்கள். தூக்க மருந்தை வீட்டிலேயே கொடுத்து அழைத்து வராதீர்கள். உறங்கும் குழந்தையின் மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் கவனிப்பவர் யார் என்று கேளுங்கள். திரும்பும்போது காரில் தலை முன்னே சாய்ந்து மூச்சு தடைபடாதபடி ஒருவர் அருகில் அமருங்கள்.

மேடையில் தமிழை வாழ்த்துவோம். மருத்துவமனை வாசலிலும் அதைப் பயன்படுத்துவோம்!