வெட்டும் இடம் தவறினால்!

மரபுச் செய்தி முழுவதிலும், புரதம் செய்யும் குறிப்பு 100-க்கு 2 பங்குகூட இல்லை. மற்றவை வீண் என்று பலர் எண்ணினார்கள். அது தவறு!

தையற்காரர் வேண்டாத துணியை வெட்டி எறிந்து, வேண்டியதைச் சேர்த்துத் தைக்கிறார். உயிரணுவும் மரபணுவின் நகலை அதுபோலவே வெட்டிச் சேர்க்கிறது. 1977-ல் இதற்கு வழி காட்டிய ஷார்ப், ராபர்ட்ஸ் இருவரும் 1993-ல் நோபல் பரிசு பெற்றனர்.

வெட்டும் இடத்தைக் காட்டும் ஓர் எழுத்து மாறினாலே ஆபத்துதான். 'மெட்' என்னும் மரபணுவில் 14-ஆம் துண்டு விடுபட்டால், அது நுரையீரல் புற்றுநோயைத் தூண்டும். அதற்கான மாத்திரைக்கு 2020-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது.

ஆனால், பிழையைக் கண்டுபிடித்தால்தானே மருந்து கொடுக்க முடியும்? ஆகவே, சோதனைக்கூடங்கள் புரதக் குறிப்போடு நின்றுவிடக் கூடாது. இடைப்பகுதியையும் படிக்க வேண்டும். அங்கேதான் பல உயிர்கள் ஊசலாடுகின்றன!