கழுத்துக்கு நெட்டி எடுத்தால் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் குறையுமா?

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது லைட்ஹவுஸ் குப்பம். அங்கே வலை இழுப்பவருக்கும், சென்னையில் லேப்டாப் முன்னால் குனிந்தே இருப்பவருக்கும் பொதுவான தொல்லை கழுத்து வலி. இந்தப் பக்கத்து நீர்நிலைகளில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள், பறியைப் பல்லால் கவ்விக்கொண்டே வேலை செய்வார்கள். இறால் சேரச் சேர, பாரம் கழுத்துக்குத்தான்.

வலி வந்தால் என்ன செய்கிறோம்? எண்ணெய் போட்டுச் சுளுக்கு வழிப்போம். சலூனில் ‘ஒரு நெட்டி எடுங்கண்ணே’ என்போம். வசதி இருந்தால் பிசியோதெரபி. முடிந்ததும் ஓர் ‘அப்பாடா!’. அது எங்கிருந்து வருது?

உடலுக்குள் நடப்பது என்ன?

தசையையும் மூட்டையும் கையால் அழுத்தும்போது நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. வலியைத் தணிக்கும் வேலையை மூளை தொடங்குகிறது. 2014-ல் ஸ்பெயின் ஆய்வாளர்கள், ஆரோக்கியமான 30 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். முதுகெலும்பு மூட்டை அழுத்தி அசைத்த உடனே, வலி உணர்வோடு தொடர்புள்ள ஆக்ஸிடோசின், நியூரோடென்சின் இரண்டும் ரத்தத்தில் கூடின. கழுத்தில் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கார்டிசால் எனும் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் குறையவில்லை. உடனடியாகச் சற்றுக் கூடியது.

‘மசாஜ் செய்தால் கார்டிசால் சர்ருனு இறங்கும்’ என்ற விளம்பரமும் மிகை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2011 அலசலில், அந்தக் குறைவு மிகச் சொற்பம் என்றே தெரிந்தது. கார்டிசால் காலையில் உச்சத்தில் இருக்கும்; பொழுது போகப் போகத் தானாகவே இறங்கும்.

ஆக, கிடைக்கும் சுகம் நிஜம். ‘ஹார்மோன் ரீசெட்’ என்பது வியாபாரம். பலன் நிலைக்க, கழுத்து, தோள்பட்டைப் பயிற்சியும் நல்ல தூக்கமும் கூடவே வேணும்.

எப்போது உஷார்?

கழுத்தை வெடுக்கெனத் திருப்பினால், அரிதாக, மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். கை மரத்துப்போகுதா, பிடி தளருதா, நடை தடுமாறுதா? காய்ச்சலோடு கழுத்து விறைக்குதா? விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலியா? இவை சுளுக்கு அல்ல. யாரையும் கழுத்தில் கைவைக்க விடாமல் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

அரசு செய்ய வேண்டியது

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி இருக்கிறது. நடமாட முடியாதவர்களுக்கு அது பெரிய வரம். அதே சேவை, உழைத்தே கழுத்து தேய்ந்தவர்களைத் தேடியும் குப்பங்களுக்கு வர வேண்டும். ஐ.டி. ஊழியர் ஒரு நாள் லீவு போட்டுச் சிகிச்சைக்குப் போகலாம். ஏரியில் இறங்காத நாளில் இறால் பிடிப்பவருக்குக் கூலி கிடையாது. படுத்த பிறகு வரும் சிகிச்சையைவிட, படுக்காமல் காக்கும் சிகிச்சைதான் அவருக்குத் தேவை.