ஒழுகும் வீட்டுக்கு என்ன விலை?
மயிலாப்பூரில் நண்பரின் தாத்தா கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடு ஒழுகுகிறது. சித்தப்பாவின் பங்கை வாங்கப் போட்ட கடனை வேறு வங்கிக்கு மாற்றி, மேற்கொண்டு டாப்-அப் வாங்கிச் செப்பனிடலாம் என்று கிளம்பினார். மதிப்பீட்டாளர் வந்தார், தேக்கு உத்தரத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. மனைக்குத்தான் விலை, கட்டடத்துக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம். சரி, அது அவர் கணக்கு. எனக்கு உறுத்துவது வேறு: வருமான வரியின் பழைய முறையில், குடியிருக்கும் வீட்டை வாங்கவோ கட்டவோ எடுத்த கடன் என்றால் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம், பழுதுபார்க்க எடுத்ததென்றால் 30,000 தான். இந்த வாசல்கதவுக்கே அது காணாது. இடித்துவிட்டு ஃபிளாட் கட்டலாம் என்று புரோக்கர் வாராவாரம் வந்துபோகிறாராம். சுண்ணாம்புக் காரை போடத் தெரிந்த கொத்தனார்தான் இன்னும் வரவில்லை.