ஆறடி இடம் கேட்ட கமரா

இந்த நோன்புப் பெருநாளைக்கு லண்டனிலிருந்து மாமா குடும்பத்தோடு ஹட்டனுக்கு வந்திருந்தார். சொக்கலேட், கம்பளிச் சட்டை எல்லாம் எடுத்த பிறகு, பெட்டியின் அடியிலிருந்து எக்ஸ்பொக்ஸ் 360 என்ற விளையாட்டு இயந்திரத்தையும் அதனோடு பூட்டுகிற கினெக்ட் என்ற கமராவையும் மாமாவின் மகன் வெளியே எடுத்தான். அவனுக்கு ஒன்பது வயது. லண்டன் பிளக்கின் சதுரக் கால்கள் எங்கள் வீட்டுச் சுவரின் வட்டத் துளைக்குள் போகவில்லை. வாப்பா பக்கத்துக் கடையிலிருந்து ஒரு அடப்டர் வாங்கி வந்து கொடுத்துவிட்டு, "சத்தம் போடாம விளையாடுங்க" என்று சொல்லிக் கீழே இறங்கிப் போனார்.

எங்கள் கடை கீழே, வீடு மேலே. பலகைத் தரை. இது பின்னால் முக்கியமாகும்.

டீவிக்குக் கீழே வைத்ததும் அந்தக் கறுப்புக் கமரா தானாகவே தலையை மெல்ல உயர்த்தி எங்களைப் பார்த்தது. உள்ளே சிறிய மோட்டர் ஒன்று இருக்கிறதாம். யாரோ அந்நிய ஆண் உள்ளே வந்துவிட்டதைப் போல உம்மா சட்டென்று முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்கு முழுதாக வரவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அடுத்து, அது எங்களிடம் இடம் கேட்டது. ஒருவர் விளையாட ஆறடி தள்ளி நிற்க வேண்டும். இருவர் என்றால் எட்டடி. சோபாவை நானும் மாமியும் தூக்கி முன் மண்டபத்துக்கு வெளியே வைத்தோம். உம்மும்மா கதிரையில் இருந்தபடியே, "ஆறடி கபுறுக்குத்தானே கேக்குறது, இது விளையாட்டுக்கும் கேக்குதா?" என்றார்.

கையில் பிடிக்க எதுவுமில்லாமல் உடம்பை அசைத்தே விளையாடுவதுதான் இதன் புதுமை. கையை உயர்த்தினால் திரையில் இருக்கும் பொம்மையும் கையை உயர்த்தும். துள்ளினால் துள்ளும். 2010 நவம்பரில் விற்பனைக்கு வந்து முதல் அறுபது நாளில் உலகம் முழுவதும் 80 இலட்சம் விற்றதாம். கின்னஸ் புத்தகத்திலும் ஏறிவிட்டது. எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர 2011 ஓகஸ்ட் ஆகிவிட்டது.

பௌதிகவியல் படிக்கிற எனக்கு விளையாட்டைவிட அது எப்படிப் பார்க்கிறது என்பதில்தான் ஆசை. அதற்குள் இரண்டு கண்கள் இருக்கின்றன. ஒன்று சாதாரண வர்ணக் கமரா. மற்றது வேறு வகை. நம் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிரால் ஆயிரக்கணக்கான சிறு புள்ளிகளை அறை முழுவதும் தெளித்து, அந்தப் புள்ளிகள் எவ்வளவு விலகி விழுந்திருக்கின்றன என்பதை வைத்து எந்தப் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடும். அந்தக் கண்ணுக்கு நிறம் தெரியாது, முகம் தெரியாது. களிமண் பொம்மை போல ஒரு உருவம் மட்டும் தெரியும். அந்த உருவத்தில் எது தலை, எது முழங்கை, எது கால் என்று பிரித்து, ஒருவருக்கு இருபது மூட்டுப் புள்ளிகளை நொடிக்கு முப்பது தடவை கண்டுபிடிக்கிறது. கேம்பிரிட்ஜில் இருக்கும் மைக்ரோசொப்ட் ஆய்வுகூடத்து ஆய்வாளர்கள் ஏராளமான உடல் நிலைகளைக் கணினிக்குக் காட்டிக் காட்டி இதைப் பழக்கியிருக்கிறார்கள்.

பழக்கியவர்கள் அபாயாவைக் காட்டவில்லை போலும். மாமி அபாயாவுடன் நின்றபோது திரையில் இருந்த பொம்மையின் கால்கள் பின்னிக்கொண்டு முறுகின. துணி தொங்குவதால் இயந்திரத்துக்கு இரண்டு கால்கள் பிரிந்து தெரியவில்லை. ஷல்வாருடன் நின்ற எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. உம்மும்மாவின் கதை இன்னும் மோசம். கதிரையில் இருந்தபடி கையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டினார். அது அவரை ஆளாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நிற்பவர்களுக்காகவே செய்யப்பட்ட பொருள் அது. "என்ன கண்ணுக்குப் படல்ல போல" என்று சொல்லிவிட்டுத் தஸ்பீஹை எடுத்துக்கொண்டார். இன்னும் சில குறைகளும் உண்டு. நாம் அசைந்து ஒரு கண்சிமிட்டும் நேரம் கழித்துத்தான் பொம்மை அசைகிறது. விரல்கள் அதற்குத் தெரிவதில்லை. அதோடு, விளையாட்டுத் தொகுப்பில் கால்பந்து இருக்கிறது, குத்துச்சண்டை இருக்கிறது, கிரிக்கெட் இல்லை. உலகக் கிண்ண இறுதிப் போட்டி வரை போன நாட்டில் இதை எப்படி மன்னிப்பது?

இவ்வளவும் எழுதியது உம்மாவைப் பற்றி எழுதுவதற்காகத்தான்.

கமராவோடு வந்த விளையாட்டுகளில் ஒன்று, வேகமாக ஓடும் ஆற்றில் இறப்பர் படகில் போவது. இருவர் சேர்ந்து போகலாம். இடப்பக்கம் நகர்ந்தால் படகு இடப்பக்கம் திரும்பும். இருவரும் துள்ளினால் படகும் துள்ளும். நான் கொழும்பில் விடுதியில் இருந்து படிப்பவள். ஒவ்வொரு தவணையும் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போகும்போது கித்துல்கலயைக் கடந்துதான் போவோம். களனி கங்கையில் வெள்ளைக்காரர்களும் ஆம்பிளைப் பிள்ளைகளும் நிறநிறத் தொப்பி போட்டுக்கொண்டு இறப்பர் படகில் கூச்சலிட்டபடி போவது பஸ் யன்னலால் தெரியும். உம்மாவும் இருபது வருடத்துக்கு மேலாக அதே யன்னலால் அதே ஆற்றைப் பார்த்து வருகிறார். நாங்கள் யாரும் அந்த ஆற்றில் கால் நனைத்ததில்லை.

பெருநாள் அன்று அஸருக்குப் பிறகு வாப்பாவும் மாமாவும் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். திரைச்சீலைகளை இழுத்துவிட்டோம். (வெளியே மழையும் மூடுபனியும், நேர் வெயில் அறைக்குள் விழுந்தால் அந்தப் புள்ளிக் கண் தடுமாறுமாம். ஓகஸ்ட் மாத ஹட்டனில் அந்தக் கவலை இல்லை.) நான் கையைப் பிடித்து இழுத்ததால் உம்மா வந்து நின்றார். முதல் நிமிடம் வெட்கப்பட்டார். இரண்டாவது நிமிடம், "மகள், இந்தப் பக்கம், இந்தப் பக்கம்!" என்று என்னை அதட்டினார். மூன்றாவது நிமிடம் துள்ளினார். என் உம்மா இரண்டு காலும் தரையிலிருந்து எழும்பத் துள்ளியதை என் பதினேழு வயதில் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

உம்மாவுக்குச் சீனி வருத்தம். தினமும் அரை மணித்தியாலம் நடக்கும்படி வைத்தியர் ஒவ்வொரு முறையும் சொல்வார். எங்கே நடப்பது? ஹட்டன் மெயின் வீதியிலா? வாகனமும் சனமும் நெரியும் அந்த ஏற்றத்தில் தனியாக நடந்துவிட்டு வரும் பெண்ணை நாலு கடை வாசல்கள் கேள்வி கேட்கும். வைத்தியர் சொன்னதில் பிழையில்லை, உம்மா கேட்காததிலும் பிழையில்லை. நடுவில் இருந்த தடை எது என்று எனக்கு இவ்வளவு நாளாகத் தெரியவில்லை. அது ஒரு சோபா அளவு இடமும், யாரும் பார்க்காத அரை மணித்தியாலமும்தான்.

பத்து வயது வரை நானும் மைதானத்தில் எல்லே விளையாடியவள். பெரிய பிள்ளையான பிறகு, "இனி என்ன ஓட்டம்?" என்ற ஒரு கேள்வியோடு அது நின்றுபோனது. உயர்தரத்துக்கு வந்த பிறகு படிப்பு என்ற இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. என்னோடு படிப்பவர்களைக் கேட்டால் பாதிப் பேர் இதே கதையைத்தான் சொல்வார்கள். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதை இஸ்லாம் பாடத்தில் எழுதிப் புள்ளி வாங்குகிறோம். எழுதிவிட்டு மறுபடியும் கதிரையில் உட்கார்ந்துவிடுகிறோம். ஆகவே, "வீடியோ கேம் பிள்ளைகளைக் கெடுக்கும்" என்று இந்தக் கமராவையும் அதே பெட்டியில் போட்டு மூடுகிற பெரியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சோபாவில் சாய்ந்து விரல் நுனியால் விளையாடுகிற விளையாட்டு வேறு, இது வேறு.

அதேவேளை, இதை வீட்டுக்கு வந்த அதிசயமாகக் கொண்டாடவும் என்னால் முடியவில்லை. காரணம் இரண்டு.

படகு கரை சேர்ந்ததும் திரையில் சில புகைப்படங்கள் வந்தன. நாங்கள் விளையாடிக்கொண்டிருக்கும்போதே அந்த வர்ணக் கமரா எங்களைக் கேட்காமல் படம் எடுத்திருக்கிறது. முந்தானை தோளில் கிடக்க, முடி கலைய, வாய் திறந்து சிரித்தபடி உம்மா. "அல்லாஹ்வே, அழி மகள், அழி!" என்று உம்மா சத்தம் போட்டார். மாமாவின் மகள் சிரித்துக்கொண்டே, லண்டனில் அவளுடைய சினேகிதிகள் இந்தப் படங்களை இணையத்தில் போட்டுப் பகிர்ந்துகொள்வார்கள் என்றாள். எங்கள் வீட்டில் அதற்கு இணைய இணைப்புக் கொடுக்கவில்லை. படத்தை உடனே அழித்தும்விட்டோம். ஆனாலும் அதன் பிறகு உம்மா ஸ்கார்ப் போட்டுக்கொண்டுதான் விளையாடினார், துள்ளலும் குறைந்துவிட்டது.

அந்தக் கமரா தலையை உயர்த்தியபோது எனக்கு முழுதாகச் சிரிப்பு வராததன் காரணம் இதுதான். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை; ஆனால் ஒரு பௌதிகவியல் மாணவியாக ஒன்று கேட்கலாம். நம் அசைவைக் கண்டுபிடிக்க அந்த இயந்திரத்துக்கு வேண்டியது முகம் தெரியாத அந்தப் புள்ளிக் கண் மட்டும்தான். வர்ணக் கண் படம் எடுக்கவும், முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணவும், தூரத்தில் இருப்பவரோடு பேசவும்தான் உதவுகிறது. அப்படியானால் வர்ணக் கண் இல்லாத ஒன்றைச் செய்து விற்றால் என்ன? குறைந்தபட்சம் அதை மூடுவதற்கு ஒரு சிறு மூடியாவது வைத்திருக்கலாம். முஸ்லிம் வீடுகளுக்கு மட்டுமான கோரிக்கை அல்ல இது. வரவேற்பறையில் தான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு கம்பனி பார்ப்பதை எந்த வீட்டு உம்மாதான் விரும்புவார்?

கனடாவில் டொரொன்டோவில் உள்ள சன்னிபுரூக் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நிபுணர்கள் இதே கமராவை வைத்து, எதையும் தொடாமலே கையசைத்து நோயாளியின் ஸ்கேன் படங்களைப் புரட்டிப் பார்த்தார்களாம். கையுறை அழுக்காகாது, கிருமி தொற்றாது. ஒரு பொருளை அதைச் செய்தவர்கள் நினைத்த விதத்தில்தான் பாவிக்க வேண்டும் என்றில்லை. நாங்களும் கடைசியில் வர்ணக் கண்ணின் மேல் ஒரு துண்டு பிளாஸ்டரை ஒட்டிவிட்டு விளையாடினோம். விளையாட்டு நன்றாகவே ஓடியது.

இரண்டாவது காரணம், பெருநாளைக்கு மறுநாள் வந்தது. ஐந்தாம் வகுப்பு வரை என்னோடு படித்த தோழி ஒருத்தி பக்கத்துத் தோட்டத்திலிருந்து வட்டலப்பம் சாப்பிட வந்தாள். அவளும் உயர்தரம் படிக்கிறாள். படகில் என்னைவிட நன்றாகத் துள்ளினாள். மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, "ஆறடி தள்ளி நிக்கச் சொல்லுதே, எங்க காம்பறாவுல எங்கடி நிக்கிறது?" என்றாள். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பறா. அதற்குள் கட்டில், அலுமாரி, டீவி, ஐந்து பேர். இஸ்தோப்பில் அடுப்பு. அவள் எழுந்து எங்கள் தரையைப் பாதத்தால் அளந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். 2011இல் கமராவின் விலை அமெரிக்காவில் 150 டொலராக இருந்தது. அப்போது நம் காசில் சுமார் 16,500 ரூபா. 2011ஆம் வருடக் கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 380 ரூபாவாக இருந்தது. கணக்குப் போட்டால் 43 நாள் கொழுந்து. இயந்திரத்தின் விலையை நான் இன்னும் சேர்க்கவில்லை.

அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. "எங்கம்மா ஒரு நாளைக்கு எத்தனை தடவ கைய நீட்டுறாங்கன்னு இந்தக் கமரா எண்ணிச் சொல்லுமா?" என்றுதான் கேட்டாள். இருபது மூட்டுப் புள்ளிகளை நொடிக்கு முப்பது தடவை எண்ணுகிற இயந்திரம் அது. முடியும் என்றேன். "அப்ப மலைக்குக் கொண்டு போ. தராசுக்காரங்க கிலோவத்தான் பாக்குறாங்க" என்றாள். நான் பேச்சை மாற்ற வட்டலப்பம் இன்னொரு துண்டு வைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நாங்கள் துள்ளியதில் பலகை இடுக்குகளால் தூசி கொட்டி, கீழே கடையில் அரிசிச் சாக்குகளின் மேல் படிந்ததாக வாப்பா இரவு புகார் சொன்னார். துள்ளியது பிள்ளைகள் என்று உம்மா சொன்னார். நான் வாய் திறக்கவில்லை.

மாமா பத்தாம் நாள் லண்டனுக்குத் திரும்பினார். கமராவும் போய்விட்டது. நான் விடுதிக்கு வந்து இரண்டு கிழமை ஆகிறது. நேற்றுத் தொலைபேசியில் வாப்பா, சோபா இன்னும் முன் மண்டபத்துக்கு வெளியேதான் கிடக்கிறது, மழைச் சாரல் படுகிறது, உள்ளே எடுக்கச் சொன்னால் உம்மா தினமும் "நாளைக்கு" என்கிறார் என்று முறையிட்டார். ஸுபஹுக்குப் பிறகு இப்போதும் அரிசிச் சாக்கில் தூசி விழுகிறதாம்.