அப்பாவும் பிள்ளையும் ஒரே கட்சி!

வீடியோ கேம் என்ற பெயரைக் கேட்டாலே நம் தாய்மார்களுக்கு வயிற்றில் புளி கரைக்கிறது. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டினால் பல குடும்பங்கள் கடனில் மூழ்கின. சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். அதனால் தமிழ்நாடு சட்டசபை 2022 அக்டோபரில் ஒரு மசோதா நிறைவேற்றியது. கவர்னர் அதைத் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டசபை மீண்டும் அதை நிறைவேற்றியது. ஏப்ரலில் கவர்னர் ஒப்புதல் கொடுத்தார்.

2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் செய்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை நடத்துகிறவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

இதெல்லாம் நல்லது. ஆனால், ஐந்து வயதுப் பிள்ளைக்கு எந்த விளையாட்டு ஆகும், எது ஆகாது என்று எந்தச் சட்டம் வந்து சொல்லும்?

சொல்லாது. பணம் இல்லாத விளையாட்டுகளைப் பார்லிமெண்ட் சட்டம் தனியாகப் பிரித்து வைக்கிறது. அவற்றுக்குத் தடை இல்லை. அவற்றில் நல்லது எது, கெட்டது எது என்று பார்க்க வேண்டியவர்கள் தாயும் தகப்பனும்தான்.

களைத்து வரும் வீடு

நம் கொங்கு நாட்டு வீடுகளை எண்ணிப் பாருங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி. சோமனூரில் விசைத்தறி. கோவையில் மில்லும் பவுண்டரியும். ஷிப்டு முடிந்து வரும்போது தகப்பனுக்கு உடம்பில் தெம்பு இல்லை. தாய்க்கு அடுப்பு வேலை காத்திருக்கிறது. பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு அழுகிறது. உடனே கையில் செல்போனைக் கொடுத்துவிடுகிறார்கள். வீடு அமைதியாகிவிடுகிறது.

யாரையும் குறை சொல்வதற்கில்லை. களைப்பு என்பது அப்படிப்பட்டது. ஆனால் அந்த அமைதியில் பிள்ளை தனியாக இருக்கிறது. என்ன பார்க்கிறது, யாரோடு ஆடுகிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ம் ஆண்டில் ஒரு யோசனை கூறியது. 2 முதல் 4 வயது வரை உள்ள பிள்ளைகள் நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரையின் முன் உட்காரக் கூடாது; அதற்கும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்றது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2021-ல் ஏறக்குறைய இதையே சொன்னது. 2 வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை 1 மணி நேரத்துக்குள், அதுவும் பெரியவர் துணையோடு என்பது அவர்கள் அபிப்பிராயம்.

"பெரியவர் துணையோடு" என்பதை நாம் கவனிக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடுவது துணை ஆகாது. சேர்ந்து ஆடுவதுதான் துணை.

கும்மியும் ஆடுபுலியும்

விளையாட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆடுபுலி ஆட்டம் போன்றது. ஒருவர் ஜெயித்தால் மற்றவர் தோற்க வேண்டும். இன்னொன்று, கும்மி போன்றது. எல்லோரும் ஒரே கட்சி. தோற்பவர் யாரும் இல்லை.

கொங்கு நாட்டின் வள்ளி ஒயில் கும்மியைப் பாருங்கள். ஆசிரியர் பாட, வட்டம் சுற்றுகிறது. பெரியவர் பக்கத்தில் சிறு பிள்ளையும் நிற்கிறது. பிள்ளை ஓர் அடி தப்பினால் வட்டம் நின்றுவிடாது. அடுத்த சுற்றில் அதுவும் அடியைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கலையைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த கோவை மாவட்டத்துக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024-ம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

வீடியோ கேமிலும் இந்த இரண்டு வகை உண்டு. ஐந்து வயதுப் பிள்ளையோடு தகப்பன் போட்டி ஆட்டம் ஆடினால் என்ன ஆகும்? தகப்பன் ஜெயித்தால் பிள்ளை அழும். வேண்டுமென்றே தோற்றால் பிள்ளை இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடும். கும்மி வகையில் இந்தத் தொல்லை இல்லை. இருவரும் சேர்ந்தே ஜெயிக்கிறார்கள், சேர்ந்தே தோற்கிறார்கள். சிறு பிள்ளைக்குப் போட்டி ஆட்டம் பிறகு வரட்டும். முதலில் கும்மி வகையைத் தேடுங்கள்.

ஆராய்ச்சி சொல்வது

அமெரிக்காவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் 2011-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். 287 குடும்பங்களை விசாரித்தார்கள். பிள்ளைகளின் வயது 11 முதல் 16 வரை. பெற்றோருடன் சேர்ந்து வீடியோ கேம் ஆடிய பெண் பிள்ளைகள் குடும்பத்தோடு அதிக ஒட்டுதலாக இருந்தார்கள். நடத்தையும் நன்றாக இருந்தது. ஆனால் வயதுக்குத் தகுந்த விளையாட்டாக இருந்தால்தான் இந்தப் பலன். ஆண் பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை.

ஒட்டுதலான குடும்பங்கள்தான் சேர்ந்து ஆடுகின்றனவோ என்னவோ! ஆகவே விளையாட்டுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. என்றாலும், சேர்ந்து ஆடுவதால் குடி முழுகிப் போகாது என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஒரே நூலில் இருவர்

சில விளையாட்டுகளைப் பார்ப்போம். முதலாவது, நூல் ஊரான கோவைக்குப் பொருத்தமானது. பெயர் 'அன்ராவல் டூ'. சுவீடன் நாட்டில் செய்தது. 2018-ல் வெளிவந்தது.

இதில் நூலால் ஆன இரண்டு பொம்மைகள் வருகின்றன. இரண்டையும் ஒரே நூல் கட்டியிருக்கிறது. ஒன்று நூலைப் பிடித்துக்கொண்டால்தான் மற்றது பள்ளத்தைத் தாண்ட முடியும். "அப்பா, நீங்க கயித்தைப் புடிங்க, நான் தாவறனுங்க!" என்று பிள்ளை சொல்லும். "இரு சாமி, புடிச்சுக்கிட்டேன், இப்பத் தாவு!" என்று தகப்பன் சொல்ல வேண்டும். பேசாமல் ஆட முடியாது.

கடினமான இடம் வந்தால் ஒரு பொம்மை இன்னொன்றைச் சுமந்துகொண்டு போகலாம். பிள்ளை பின்தங்குவதில்லை. எழுத்தும் மிகக் குறைவு. இங்கிலீஷ் தெரியாத தாயும் ஆடலாம். பின்னணியில் பயம் தரும் நிழல் காட்சிகள் சில உண்டு. பெரியவர் முதலில் தாமே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

தொப்பிக்கு ஒரு வேலை

இரண்டாவது, ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி 2017-ல் வெளியிட்ட 'சூப்பர் மரியோ ஒடிஸி'. இதில் ஒருவர் மரியோ. மற்றவர் மரியோவின் தொப்பி! மரியோ ஓட வேண்டும், குதிக்க வேண்டும். தொப்பி பறந்து போய் எதிரியைத் தட்டிவிட்டு வரும். தொப்பிக்கு அடி படாது. எனவே தொப்பி வேலையைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். வேலை சிறியதுதான். ஆனால் அது உண்மையான வேலை. சப்பாத்தி இடும்போது பிள்ளைக்கும் ஓர் உருண்டை மாவு கொடுக்கிறோம் அல்லவா? அது போலத்தான்.

விருதைப் பார்த்து ஏமாறாதீர்கள்

இருவர் ஆடும் விளையாட்டு என்றால் கடைக்காரர் முதலில் 'இட் டேக்ஸ் டூ' என்பதை எடுத்துக் காட்டக்கூடும். 2021-ம் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்று அமெரிக்காவில் விருது வாங்கியது. 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. இருவர் இல்லாமல் ஆடவே முடியாது.

ஆனால் கதை என்ன? ஒரு கணவனும் மனைவியும் விவாகரத்துக்குத் தயாராகிறார்கள். இருவரும் பொம்மைகளாக மாறிவிடுகிறார்கள். ஓர் இடத்தில், மகளை அழ வைப்பதற்காக, அவள் ஆசையாக வைத்திருக்கும் யானைப் பொம்மையை இருவரும் சேர்ந்து இழுத்துப் போய் அழிக்கிறார்கள். பொம்மை கெஞ்சுகிறது! பெரியவர்களுக்கே மனம் கலங்கும். ஐரோப்பாவில் இதற்கு 12 வயது என்று முத்திரை போட்டிருக்கிறார்கள். விருது வேறு, வயது வேறு.

செல்போன் மட்டும் உள்ள வீட்டில்

மேலே சொன்னவற்றுக்கு டெலிவிஷனில் மாட்டும் கருவியோ, கம்ப்யூட்டரோ வேண்டும். மரியோவுக்கு நிண்டெண்டோ கருவியேதான் வேண்டும். கருவிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். எல்லா வீட்டிலும் அது நடக்காது. அதற்காகக் கடன் வாங்கவும் வேண்டாம்.

செல்போனிலேயே ஆடலாம். 'மைன்கிராப்ட்' என்று ஒரு விளையாட்டு உண்டு. கட்டிகளை அடுக்கி வீடு, கிணறு, தோட்டம் என்று கட்டுவது. ஒருமுறை காசு கொடுத்து வாங்க வேண்டும். அதில் 'கிரியேட்டிவ்' என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் அடி இல்லை, பசி இல்லை. 'பீஸ்புல்' என்று வைத்தால் பூதங்களும் வந்து தாக்குவதில்லை. வீட்டில் இரண்டு செல்போன் இருந்தால் ஒரே வை-பையில் சேர்ந்து கட்டலாம். ஒன்றுதான் இருந்தால், ஒரு சுவர் நீ, ஒரு சுவர் நான் என்று மாறி மாறிக் கட்டலாம். ஆனால் ஜாக்கிரதை! உள்ளே ஒரு கடை இருக்கிறது. பணம் எடுக்கும் வழியைப் பூட்டிவிட்டுக் கொடுங்கள்.

வாங்குமுன் ஐந்து கேள்விகள்

1. வயது என்ன? செல்போன் கடையில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் 3, 7, 12, 16, 18 என்று எண் போட்டிருப்பார்கள். அந்த எண்ணைப் பாருங்கள்.

2. உள்ளே விளம்பரமோ, பணம் கேட்கும் கடையோ உண்டா? அதையும் அதே பக்கத்தில் எழுதியிருப்பார்கள். இனாம் என்று வரும் விளையாட்டில்தான் இது அதிகம்.

3. முன்பின் தெரியாதவர்கள் பிள்ளையோடு பேச முடியுமா? முடியும் என்றால், அந்த வழியை அடைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் வேண்டாம்.

4. பிள்ளை தவறு செய்தால் ஆட்டம் முடிந்துவிடுமா, அல்லது மற்றவர் கைகொடுத்துத் தூக்கிவிட முடியுமா?

5. பத்து நிமிஷத்தில் நிறுத்த இடம் உண்டா? சிறு சிறு கட்டமாகப் பிரித்த விளையாட்டில் "இந்தக் கட்டம் முடிந்ததும் சாப்பாடு" என்று சொல்லலாம். முடிவே இல்லாத விளையாட்டில் சண்டைதான் மிஞ்சும்.

பிடுங்காதீர்கள்

இத்தனையும் பார்த்து வாங்கிய பிறகும் ஒரு தவறு நடக்கும். பிள்ளை தடுமாறும்போது, "இங்கே கொடு, நான் செய்து காட்டுகிறேன்" என்று பெரியவர் பிடுங்கிவிடுவார். அந்த நிமிஷமே பிள்ளை வேடிக்கை பார்க்கும் ஆளாகிவிடுகிறது. பொறுத்திருங்கள். பத்துத் தடவை பள்ளத்தில் விழட்டும். "இப்ப என்ன கண்ணு செய்யலாம்?" என்று கேளுங்கள். பதினோராவது தடவை பிள்ளை ஒரு வழி சொல்லும். வீட்டில் நாள் முழுவதும் பெரியவர் சொல்லப் பிள்ளை கேட்கிறது. இங்கே அரை மணி நேரமாவது பிள்ளை சொல்லப் பெரியவர் கேட்கட்டுமே!

ஷிப்டு முடிந்து வரும் நாட்களில் இதற்குத் தெம்பு இருக்காது. தினமும் வேண்டியதும் இல்லை. வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம் போதும். கண்ட கண்ட விளையாட்டோடு பிள்ளையைத் தனியே விடுவதைவிட, ஒரே விளையாட்டை வாரம் ஒருமுறை இருவரும் சேர்ந்து ஆடுவது மேல்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பெரும்பாலான வீடுகளில் தகப்பனார் வீட்டில் இருக்கும் நாள். முதலில் செல்போனைத் திறந்து, பிள்ளை இதுவரை என்னென்ன ஆடியிருக்கிறது என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். வேண்டாததை நீக்குங்கள். ஏன் நீக்குகிறோம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். பிறகு, எந்தப் பக்கம் போகலாம் என்று பிள்ளையையே கேட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள்.