கண்ணாடியில் படிந்த கல்



ஹட்டனில் எங்கள் தையல் வகுப்புக்குப் புதிதாக ஒரு தங்கச்சி சேர்ந்திருக்கிறாள். பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவள். யாழ்ப்பாணத்தில் ஒரு விடுதியில் அறை துப்புரவு வேலைக்குப் போய், மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிட்டாள். ஏனென்று கேட்டேன்.

"குளிக்கிற ரூம்ல பெரிய கண்ணாடிக் கதவு மிஸ். சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சேன், கம்பி நாரு போட்டுத் தேய்ச்சேன். ஈரமா இருக்கறப்ப பளபளன்னு இருக்கும். காஞ்சதும் பழையபடி வெள்ளை வெள்ளையா பூத்துரும். சோம்பேறின்னு சொல்லி சம்பளத்துல புடிச்சிட்டாங்க."

எனக்குப் பதில் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது வேலைப் பிரிவினை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். கண்ணாடி ஏன் வெள்ளையாகப் பூக்கிறது என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை.

பதில் சொன்னது பக்கத்து மெஷினில் இருந்த அக்கா. அவருடைய பெற்றோர் 1977 கலவரத்துக்குப் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனவர்கள். கிளிநொச்சியில் வளர்ந்து, 2009இல் இரண்டு பிள்ளைகளோடு மெனிக் பாம் முகாமில் இருந்து, பிறகு ஹட்டனில் சின்னம்மாவின் லயத்துக்கு வந்து சேர்ந்தவர். தைப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "உது ஊத்தை இல்லைப் பிள்ளை, கல்லு. கேத்திலுக்குள்ள பிடிக்கிறதுதான் கண்ணாடியிலும் பிடிக்குது. புளி படாமல் உது அசையாது."

அவர் சொன்னதுதான் சரி. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி முழுதும் சுண்ணாம்புக்கல். 1990இல் போரோடு நின்றுபோன காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை அந்தக் கல்லை வெட்டித்தான் சீமெந்து செய்தது. மழைநீர் அதனூடாக இறங்கும்போது கல்லைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. கண்ணாடியில் தெறித்த துளி காய்ந்தால் நீர் போய்விடும், கல் தங்கிவிடும். அதை மீண்டும் நனைத்தால் கண்ணுக்குத் தெரியாது, காய்ந்ததும் தெரியும். வன்னியிலும் பல கிணறுகளில் இதே கதை.

சவர்க்காரம் போட்டால் இன்னும் மோசம். கல் கலந்த நீரில் சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்து, பிசுக்காகக் கண்ணாடியில் ஒட்டும். பாவம், அந்தப் பிள்ளை தேய்க்கத் தேய்க்கக் கறையைத்தான் கூட்டியிருக்கிறாள்.

நம் மலைப் பக்கத்துப் பீலித் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. இங்குள்ள பாறை இலகுவில் கரையாது. ஒரு லீற்றரில் 60 மில்லிகிராமுக்குக் குறைவாகச் சுண்ணாம்புச் சத்து இருந்தால் மென்னீர், 180ஐத் தாண்டினால் மிகக் கடின நீர் என்பார்கள். மலையிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. கண்டிக்குப் பக்கத்தில் திகனவில் டொலமைற் என்ற சுண்ணக்கல் வெட்டுகிறார்கள். ஆனால் ஹட்டன், நுவரெலியா லயங்களில் வளர்ந்த பிள்ளை வெள்ளைக் கறையைக் கண்டிருக்க மாட்டாள். இங்கே குளியலறைக் கண்ணாடியில் வருவது சவர்க்கார அழுக்கும், ஈரத்தில் பிடிக்கும் கரும்பூஞ்சணமும்தான். அதற்குப் பாத்திரம் கழுவும் திரவமும் கதவைத் திறந்து காயவிடுவதும் போதும். தெரியாத நீரைச் சமாளிக்கச் சொல்லிவிட்டு, முடியாதபோது சோம்பேறி என்பது அநியாயம்.

இனிச் செய்முறை. கடையில் விற்கும் வெள்ளை வினாகிரியில் பாதி, இளஞ்சூட்டுத் தண்ணீர் பாதி கலந்துகொள்ளுங்கள். தேசிக்காய்ச் சாறும் சரிவரும். கண்ணாடி நிமிர்ந்து நிற்பதால் ஊற்றினால் வழிந்துவிடும். ஆகவே பழைய பருத்தித் துணியை அதில் நனைத்துக் கண்ணாடியோடு ஒட்டிவிடுங்கள். அரைமணி நேரம் இருக்கட்டும், காய்ந்தால் மறுபடி நனையுங்கள். கைப்பலத்தைவிட இந்தக் காத்திருப்புத்தான் வேலை செய்கிறது. பிறகு மென்மையான துணியால் தேய்த்து, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். தடித்த படிவுக்கு இரண்டு மூன்று தடவை தேவைப்படும். கம்பி நார் வேண்டாம். அது போட்ட கீறல் எந்தப் புளிக்கும் போகாது.

சீமெந்துத் தரையிலோ பளிங்குக் கல்லிலோ வினாகிரி சிந்த விடாதீர்கள், அரித்துவிடும். கொழுந்து பறித்து விரல் வெடித்தவர்கள் கையுறை போடாமல் தொட்டால் கண்ணில் நீர் வரும்படி எரியும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். வினாகிரியோடோ, கழிவறை கழுவும் அமிலத்தோடோ, வெளுக்கும் குளோரின் திரவத்தைக் கலக்கக் கூடாது. ஒன்றை ஊற்றிய இடத்தில் கழுவாமல் மற்றதை ஊற்றுவதும் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். 1915இல் முதலாம் உலகப் போரில் படைவீரர்கள் மேல் திறந்துவிட்டதும் இதே வாயுதான். சிறிய குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்பவளுக்கு அது நெஞ்சைப் பிடித்துவிடும். நம் தங்கச்சியும் ஒருநாள் இரண்டையும் ஊற்றியிருக்கிறாள். இருமி இருமி வெளியே ஓடி வந்ததாகச் சொன்னாள். அப்படி நேர்ந்தால் வாளியைத் தூக்கக் கூட நிற்காமல் வெளியே வந்து காற்றுப்பட இருங்கள். மூச்சு முட்டினால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். அதுபோக, குளோரின் சுண்ணாம்புப் படிவை அசைக்கவும் மாட்டாது. கிணற்றுக்குக் குளோரின் போட்ட பிறகும் கேத்திலில் கல் பிடிப்பதை வடக்குச் சகோதரிகள் பார்த்திருப்பீர்கள்.

வராமல் தடுப்பது இன்னும் சுலபம். கடைசியாகக் குளித்தவர் வெளியேறியதும், ரப்பர் விளிம்பு வைத்த துடைப்பானால் மேலிருந்து கீழாக நீரை வழித்துவிட்டு, அடியில் நிற்பதைத் துணியால் ஒற்றி எடுங்கள். காய்வதற்கு நீர் இல்லையென்றால் கல்லும் இல்லை. மழைநீர் சேர்த்து வைத்திருப்பவர்கள் கடைசி அலசலுக்கு அதையே பயன்படுத்தலாம், அதில் கல் கிடையாது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. வருடக்கணக்காகப் படிவு கிடந்த கண்ணாடி அரிபட்டு மங்கிவிடும். வினாகிரித் துணி இரண்டு மூன்று தடவை போட்டும் அசையாவிட்டால் பெரும்பாலும் அதுதான் காரணம். அது உங்கள் குற்றமல்ல. சேர்ந்த முதல் நாளே கண்ணாடியைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, மேற்பார்வையாளருக்கும் காட்டி வையுங்கள். இதற்காகச் சம்பளத்தில் கைவைத்தால் அருகிலுள்ள தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். நம் தங்கச்சியின் முறைப்பாட்டைப் போன கிழமை இருவரும் உட்கார்ந்து எழுதி அனுப்பினோம். பதில் வந்ததும் இந்தப் பக்கத்தில் சொல்கிறேன்.

அக்காவுக்கோ இங்கே தலைகீழான பிரச்சினை. பீலியில் குளித்துவிட்டு வந்து சலித்துக்கொள்கிறார்: "எவ்வளவு வார்த்தாலும் வழுக்குது, சவுக்காரம் போன மாதிரியே இல்லை." அதெல்லாம் எப்போதோ போயிருக்கும் அக்கா, நம்ம தண்ணீர் அப்படித்தான் என்றேன். நம்பாமல் இன்னொரு வாளி பிடிக்கப் போனார்.