விலாசம் உள்ளவர்களின் நாடோடி வாழ்க்கை

அண்மையில் நண்பர் ஒருவர் எனக்கு ஒரு காணொளியை அனுப்பியிருந்தார். வட அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று, தமது வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, ஆர்.வீ. என்று அங்கு சுருக்கமாக அழைக்கப்படும் வீட்டு வாகனத்தில் நாட்டைக் குறுக்காகக் கடந்து செல்கிறது. பிள்ளைகள் ஓடும் வண்டிக்குள்ளேயே பாடம் படிக்கிறார்கள். தாய் ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தித் தோசை சுடுகிறார். முடிவில் தந்தை உலகத்தாருக்கு ஓர் அறிவுரை வழங்குகிறார்: வீடு ஒரு சுமையாம், அதை இறக்கி வைத்துவிட்டால் எவரும் சுதந்திரமாக வாழலாமாம். நம்மவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இது என்று நண்பர் தம் பங்குக்கு ஒரு குறிப்பையும் இணைத்திருந்தார்.

இந்தப் பாடத்தை நான் மறுக்கிறேன். அந்தக் குடும்பத்தின் பயணத்தை அல்ல. அதற்கு அவர்கள் சூட்டியிருக்கும் பெயரையே மறுக்கிறேன்.

அனுபவமில்லாதவன் பேசுகிறான் என்று எவரும் கூறிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். 2018ஆம் ஆண்டு கோடையில், நியூஜேர்சியில் வாழும் என் தங்கையின் குடும்பத்துடன் இத்தகைய வாடகை வண்டி ஒன்றில் நானும் பயணம் செய்தேன். நியூஜேர்சியில் தொடங்கி சான் பிரான்சிஸ்கோவில் முடியும் 80ஆம் இலக்க நெடுஞ்சாலை ஏறத்தாழ 2,900 மைல் நீளமானது. 1956ஆம் ஆண்டு ஜனாதிபதி ஐசனோவர் கைச்சாத்திட்ட சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட வீதிகளில் அதுவும் ஒன்று. அந்த நீளம் முழுவதையும் இரண்டரை வாரங்களில் கடந்தோம். மச்சான் வண்டி ஓட்டினார். தங்கை கையகலச் சமையலறையில் சொதி வைத்தாள். மருமக்கள் இருவரும் மேல்தட்டுப் படுக்கையில் சண்டை பிடித்தார்கள். யூட்டா மாநிலத்தின் உப்பு வெளியில் அந்தி சாய்ந்தபோது எவரும் பேசவில்லை. அந்த நாட்களை நான் இன்றும் விரும்பி நினைக்கிறேன். ஆகவே, பயணத்துக்கு நான் பகைவன் அல்லன்.

ஆனால் அது சுதந்திரமா? ஒரு கலன் பெற்றோலுக்கு எட்டு, பத்து மைல் மட்டுமே ஓடும் வண்டி அது. அதன் கழிவறைத் தொட்டி சில நாட்களுக்கு ஒருமுறை நிரம்பும். அதைக் காலி செய்யும் இடத்தைத் தேடிப்பிடிக்க வேண்டும். நீருக்கும் மின்சாரத்துக்கும் காசு கொடுத்து, முன்கூட்டியே இடம் பதிவு செய்ய வேண்டும். மச்சானின் கடனட்டை உழைத்த அளவுக்கு வண்டியின் இயந்திரம்கூட உழைத்திருக்காது. ஏதாவது பிழைத்துப் போனால் திரும்பிச் செல்ல நியூஜேர்சியில் ஒரு வீடு இருந்தது. அந்த வீடு இருந்தபடியால்தான் அந்தப் பயணமே இனித்தது. இதைப் பயணத்தின் மூன்றாம் நாளே நான் விளங்கிக்கொண்டேன்.

இந்தியானா மாநிலத்தில் எல்கார்ட் என்ற நகருக்கு அருகாக அந்த வீதி செல்கிறது. அமெரிக்க வீட்டு வாகனங்களில் மிகப் பெரும்பாலானவை அந்நகரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலுமே உற்பத்தியாகின்றன. 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் இவற்றை வாங்க ஆளில்லாமற்போனது. 2009 பெப்ரவரியில் ஜனாதிபதி ஒபாமா அங்கு சென்றபோது வேலையின்மை 15 வீதத்தைத் தாண்டியிருந்தது. பிறருக்கு உருளும் வீடு செய்து கொடுத்தவர்கள் தமது உருளாத வீட்டின் தவணைப் பணத்துக்கு வழியின்றி நின்றார்கள். அதே நெருக்கடியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்து, முதிய வயதில் வண்டிக்குள் குடிபுகுந்து, பருவகாலக் கூலி வேலை தேடி மாநிலம் மாநிலமாக அலைந்தவர்களைப் பற்றி ஜெசிக்கா புரூடர் என்ற பத்திரிகையாளர் 2017இல் 'நோமாட்லாண்ட்' என்ற நூலை எழுதினார். அதைத் தழுவிய திரைப்படம் 2021இல் ஒஸ்கார் விருது பெற்றது. படத்தைப் பார்த்தவர்களுக்கு மலையும் வானமும் நினைவில் நின்றன. கூலிக் கணக்கு நின்றதாகத் தெரியவில்லை.

அயோவா மாநிலத்தைக் கடக்கும்போது, முன்னே சென்ற வண்டியில் 'வினபேகோ' என்று எழுதியிருப்பதை மருமகள் படித்துக் காட்டினாள். அம்மாநிலத்தில் 1958இல் தொடங்கப்பட்ட அந்தப் புகழ்பெற்ற நிறுவனம், தான் அமைந்துள்ள வினபேகோ மாவட்டத்தின் பெயரைத் தனதாக்கிக்கொண்டது. மாவட்டத்தின் பெயரோ, ஹோ-சங்க் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் பூர்வீக மக்களுக்கு மற்றவர்கள் இட்ட பெயர். அம்மக்கள் விஸ்கொன்சினில் இருந்து அயோவாவுக்கும், அங்கிருந்து மினசோட்டாவுக்கும் துரத்தப்பட்டார்கள். 1863இல் டகோட்டாவின் வறண்ட நிலத்தில் கொண்டுபோய்க் கொட்டப்பட்டார்கள். எஞ்சியோரில் பலர் 1865இல் நெப்ராஸ்காவில் ஒரு துண்டு நிலத்தைப் பெற்றார்கள். வீடின்றி அலையவிடப்பட்ட மக்களின் பெயர் இன்று விடுமுறைக்கு அலையும் வண்டிகளின் நெற்றியில் ஒட்டப்பட்டிருக்கிறது. வரலாற்றின் கேலி என்பது இதுதான்.

கேலி அத்துடன் முடியவில்லை. நிரந்தரமாகவே வண்டியில் வாழ்வோருக்கும் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு ஒரு வதிவிடம் காட்ட வேண்டியிருக்கிறது. வசதியுள்ளவர்கள் பலர் இதற்காகத் தென் டகோட்டாவைத் தெரிவு செய்கிறார்கள். அங்கே ஒரு நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்தித் தபால் விலாசம் பெறலாம். ஓர் இரவு அம்மாநிலத்தில் தங்கியதற்கான பற்றுச்சீட்டைக் காட்டி அனுமதிப்பத்திரமும் எடுக்கலாம். ஹோ-சங்க் மக்கள் கொட்டப்பட்ட இடம் இருப்பதும் இன்றைய தென் டகோட்டாவில்தான். வீடு வேண்டாம் என்பவர்களும் விலாசத்தை விலைக்கு வாங்குகிறார்கள் என்றால், உண்மையில் எது சுமை, எது காப்பு என்று அந்தக் காணொளித் தந்தையே சொல்லட்டும்.

நெப்ராஸ்காவில் ஒரு மாலை, "மாமா, இண்டைக்கு இரவு எந்தக் காம்ப்?" என்று மருமகன் கேட்டான். ஒன்பது வயதுப் பிள்ளை. இரவில் வண்டி நிறுத்தும் திடலைத்தான் அப்படிக் கேட்டான். தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் தலைமுறைக்கு அந்தச் சொல்லின் பொருள் வேறு. அது இராணுவம் இருக்கும் இடம். அல்லது அகதிகளை வைத்திருக்கும் இடம். 2009இல் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட எம்மவர் கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டதும் அப்பெயர் கொண்ட இடங்களில்தான்.

எங்கள் குடும்பமும் ஒரு காலத்தில் வண்டியில் வாழ்ந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, நாங்கள் ஓர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றக்கூடியதை ஏற்றிக்கொண்டு நாவற்குழிப் பக்கம் நகர்ந்தோம். மீசாலையில் ஒரு பாடசாலை வளவில் அந்தப் பெட்டிக்குக் கீழே மூன்று இரவுகள் படுத்தோம். நிவாரணப் பதிவுக்கு வந்த உத்தியோகத்தர் நிரந்தர விலாசம், தற்காலிக விலாசம் என்று இரண்டு கேட்டார். அப்பா நிரந்தர விலாசத்தை முழுமையாக எழுதினார். தற்காலிக விலாசத்துக்கு எதை எழுதுவதென்று தெரியாமல் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்போது நான் ஒரு பத்திரிகையின் இளம் செய்தியாளன். எத்தனையோ பேரின் விலாசங்களைச் செய்தியில் எழுதியவன். அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடமும் ஒன்றும் இருக்கவில்லை.

இதை அனுதாபம் வேண்டி எழுதவில்லை. எனக்கு உறுத்துவது பின்னர் நடந்த ஒன்று. பயணத்தின் முடிவில், மௌண்டன் வியூ நகரில் வசிக்கும் மச்சானின் நண்பர் வீட்டுக்குச் சென்றோம். வழியில், ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஓரமாகச் செல்லும் எல் கமினோ ரியால் வீதியில் வீட்டு வாகனங்கள் வரிசையாக நின்றன. "எங்கட மாதிரி எவ்வளவு பேர் ட்ரிப் வந்திருக்கினம்!" என்று மருமகன் ஆரவாரித்தான். யன்னல்களுக்குப் பழைய போர்வைகள் தொங்கின. சில வண்டிகளின் சக்கரங்களில் காற்றில்லை. ஒன்றிலிருந்து சீருடை அணிந்த ஒரு பெண் இறங்கி, கதவைப் பூட்டிவிட்டு, பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தாள். வேலைக்குப் போகிறாள். வேலை இருக்கிறது, அந்த வேலையின் சம்பளத்துக்கு அந்த ஊரில் ஓர் அறை கிடைப்பதில்லை.

அன்றிரவு விருந்தின்போது அந்த நண்பர், இவர்களால் இந்தப் பகுதியின் பெயரே கெட்டுப்போகிறது, மாநகர சபை அகற்ற வேண்டும் என்றார். எங்கள் வண்டி அப்போது அவருடைய வாசலில்தான் நின்றது. இரண்டு இரவுகள் நின்றது. எவரும் வந்து கதவைத் தட்டவில்லை. நீளம் ஒன்று, அகலம் ஒன்று, படுக்கை ஒன்று, கழிவுத் தொட்டியும் ஒன்று. வேறுபாடு ஒன்றே: எங்களுக்கு விலாசம் இருந்தது. உழவு இயந்திரப் பெட்டிக்குக் கீழே படுத்தவன் என்பதை மறந்து, சோற்றைப் பிசைந்துகொண்டு நானும் வாய் திறக்காமல் இருந்தேன்.

நண்பர் விரும்பியதில் பெரும் பகுதி நிறைவேறியது. 2020 நவம்பரில் மௌண்டன் வியூ வாக்காளர்கள், ஒடுங்கிய வீதிகளில் இத்தகைய பெரிய வாகனங்களை நிறுத்துவதைத் தடுக்கும் விதியை அங்கீகரித்தார்கள். 2025 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ மாநகர சபை, பெரிய வாகனங்களுக்கு வீதியில் இரண்டு மணி நேரமே அனுமதி என்று சட்டம் இயற்றியது. இடையில், 2024 ஜூன் 28ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிரான்ட்ஸ் பாஸ் வழக்கில் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் ஒரு தீர்ப்பை வழங்கியது. ஒதுங்க இடமற்றவர் பொது இடத்தில் உறங்கினாலும் நகரம் தண்டிக்கலாம். அது அரசியலமைப்பு தடைசெய்யும் கொடூரமான தண்டனை ஆகாது என்பது அதன் சாரம். ஒரிகன் மாநிலத்தின் அந்தச் சிறு நகரில் தண்டப்பணம் 295 டொலரில் தொடங்கியது. இருநூற்றுத் தொண்ணூற்றைந்து டொலர் கையில் இருப்பவன் ஏன் பூங்காவில் உறங்கப்போகிறான்?

ஒரு பழைய வழக்கையும் சொல்லியாக வேண்டும். லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் வாகனத்தை வதிவிடமாகப் பயன்படுத்தலாகாது என்று 1983இல் விதித்த சட்டத்தை, 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் செல்லாதென்றது. எது வதிவிடம் என்று அந்தச் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. அதனால் வறியவரை மட்டும் பொறுக்கிப் பிடிக்கப் பொலிஸாருக்கு அது இடமளிக்கிறது என்றார்கள் நீதிபதிகள். எங்கள் வண்டியையும் அந்தச் சீருடைப் பெண்ணின் வண்டியையும் அருகருகே நிறுத்தினால், அந்த ஒரே சட்டம் யாரைப் பிடித்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

விரும்பி வாழ்பவர்களையும் வேறு வழியின்றி வாழ்பவர்களையும் ஏன் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள் என்று சிலர் கேட்பார்கள். குழப்புவது நானல்லன். "எவரும் இப்படி வாழலாம்" என்று பேசும் அந்தக் காணொளிகளே குழப்புகின்றன. வண்டியில் வாழ்வது ஒரு தெரிவு என்று நம்பிவிட்டால், வீதியோரம் நிற்பவளும் தெரிந்தே நிற்கிறாள், ஆகவே துரத்தினால் தவறில்லை என்ற முடிவுக்கு வருவது எளிது. ஒருவருடைய விடுமுறைப் பேச்சு இன்னொருவரின் வறுமைக்கு நியாயம் கற்பிக்கிறது. நாம் இதைச் சொல்லும்போது தவறு இரட்டிப்பாகிறது. ஏனெனில் எம்மில் பலர் அலைந்து வந்தவர்கள்.

வழி இல்லாமலும் இல்லை. கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் 2004ஆம் ஆண்டு முதல், வெறுமையாகக் கிடக்கும் தரிப்பிடங்களில் வாகனத்தில் வாழ்வோர் இரவில் பாதுகாப்பாக நிற்க இடமளிக்கிறார்கள்; நிலையான வீடு தேடிக்கொள்ளவும் உதவுகிறார்கள். பின்னர் வேறு நகரங்களும் இதைப் பின்பற்றின. மௌண்டன் வியூவிலும் அத்தகைய இடங்கள் உண்டு. இரவில் பூட்டிக்கிடக்கும் எமது கோயில்களின், சங்கங்களின் தரிப்பிடங்கள் எத்தனை! ஆண்டுவிழாவுக்கு மண்டபம் எடுக்கும் சங்கங்கள் தமது நகரசபைக்குச் சென்று இந்த விடயத்தில் ஒரு வார்த்தை பேசினால் என்ன?

பயணம் செல்லுங்கள். பிள்ளைகளுக்கு மலையையும் உப்பு வெளியையும் காட்டுங்கள். திரும்பி வந்து அதை விடுமுறை என்றே சொல்லுங்கள். வீதியோரம் நிற்கும் அந்த மற்ற வண்டிகளைப் பிள்ளை கைகாட்டினால், அவர்களும் சுற்றுலா வந்தவர்கள் என்று சொல்லிவிடாதீர்கள். எல் கமினோ ரியாலில் என் மருமகனுக்கு நான் அப்படித்தான் சொன்னேன். இப்போது அவன் வளர்ந்துவிட்டான். இக்கட்டுரையை முதலில் அவனுக்கே அனுப்புகிறேன்.